ஆங்கிலக் கட்டுரையும் அன்றாட வாசிப்பும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகள் படிவம் 4இல் பயில்கிறாள். ‘பொம்பாஸ்டிக்’ (பகட்டான) சொற்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறாள். ஆயினும் ஆங்கிலக் கட்டுரையில் மதிப்பெண் ஏறவில்லை. தினமும் வாசித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். எதை, எவ்வளவு, எப்படி வாசிப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.
– ஒரு தாயார், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: அம்மா, ஆங்கில ஆசிரியராக இருந்த காலத்தில் இத்தகைய நோட்டுப் புத்தகங்களை நிறையவே புரட்டிப் பார்த்திருக்கிறேன். இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல் இருக்கும், வலப்பக்கம் தமிழிலோ மலாயிலோ அதன் பொருள் இருக்கும். அந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும், எங்கே வராது என்பது மட்டும் இராது. கட்டுரையில் மதிப்பெண் குறைவது பெரும்பாலும் அங்கேதான்.

தமிழில் பலத்த மழை என்கிறோம், பலத்த காற்று என்கிறோம். இரண்டுக்கும் ஒரே அடைமொழி போதும். அந்தப் பழக்கத்தில் மாணவர்கள் ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் காற்றுக்குத்தான் ‘ஸ்ட்ராங்’, மழைக்கு ‘ஹெவி’. இதற்கு இலக்கண விதி எதுவும் கிடையாது, வழக்கு அப்படி. வெள்ளச் செய்திகளை நாளிதழில் நாலைந்து முறை வாசித்த பிள்ளைக்கு இது தானாகவே கைவந்துவிடும்.

படிவம் 5இல் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கில எழுத்துத் தாளையும் சற்று எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 80 சொற்களில் ஒரு மின்னஞ்சல், 125 முதல் 150 சொற்களுக்குள் ஒரு கட்டுரை, 200 முதல் 250 சொற்களுக்குள் இன்னொரு கட்டுரை, மூன்றுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். இவ்வளவு சிறிய இடத்தில் பகட்டான சொல் ஒன்றைப் பொருந்தாமல் நுழைத்தால், அது வாக்கியத்தையே தடுமாற வைக்கும்.

ஆகவே, தங்கள் மகள் நாள்தோறும் இருபது நிமிடம் வாசித்தால் போதும். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்துக்கு மேல் வந்தால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, எளிதான வேறொன்றை எடுக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1971இல் பினாங்கிலேயே தொடங்கிய ‘தி ஸ்டார்’ நாளிதழில் ஒரு செய்தியோ, ஒரு சிறுகதையோ, எதுவாயினும் சரி. வீட்டில் புத்தகம் இல்லை என்பது தடையாக வேண்டாம். ‘பினாங்கு பிரீ ஸ்கூல்’ பள்ளிக்கு அருகில் 2016இல் திறக்கப்பட்ட பினாங்கு டிஜிட்டல் நூலகம் ஆயர் ஈத்தாமிலிருந்து தொலைவில் இல்லை.

வாசித்த பிறகு செய்வதுதான் முக்கியம். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின், பாஸ்டனில் தம் அண்ணனின் அச்சகத்தில் வேலை பழகிய சிறுவயதில், லண்டன் இதழ் ஒன்றின் கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிறு குறிப்பு எடுத்து, சில நாள் ஒதுக்கி வைத்து, பின்பு அந்தக் குறிப்புகளைக் கொண்டு கட்டுரையைத் தாமே மீண்டும் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியிருக்கிறார். ஆசிரியர் இல்லாத பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் அறியேன்.

தங்கள் மகளும் ஒரு பத்தியை இப்படிச் செய்து பார்க்கட்டும். வெள்ளச் செய்தியை நினைவிலிருந்து எழுதும்போது ‘த வாட்டர் கேம் அப் வெரி ஃபாஸ்ட்’ என்று அவள் எழுதக்கூடும். செய்தியைத் திறந்து பார்த்தால் ‘த வாட்டர் ரோஸ் ரேப்பிட்லி’ என்றிருக்கும். ‘ரோஸ்’ என்பது ‘ரைஸ்’ என்பதன் இறந்தகால வடிவம். ‘ரைஸ்’ என்ற சொல் அவளுக்குத் தெரியாததன்று. தண்ணீருக்கு அதைக் கொண்டுவரத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தமிழில் நீர்மட்டம் உயர்கிறது, விலை ஏறுகிறது, சூரியன் உதிக்கிறது; ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘ரைஸ்’ பொருந்தும். நோட்டுப் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாசிப்பில் எதிர்ப்படும் முழு வாக்கியங்களை அதன் கீழ் ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் நான்கு சொற்களுக்கு இப்படிச் செய்தாலே நிறைவு.

கேள்வி: ஆங்கிலம் வளர வேண்டுமென்றால் தமிழ் வாசிப்பை நிறுத்தச் சொல்கிறார் பிரத்தியேக வகுப்பு ஆசிரியர். நிறுத்த வேண்டுமா, ஐயா?
– படிவம் 3 மாணவன், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம், தம்பி. ஒரு கருத்தைச் சொல்லி, அதற்குக் காரணம் காட்டி, எடுத்துக்காட்டோடு வளர்க்கும் திறனைத் தமிழ்க் கட்டுரையில் பெற்றாலும் ஆங்கிலத்துக்கு அது பயன்படும். மொழிகளைக் கலந்துவிடுவதில்தான் கவனம் வேண்டும். விளக்கைப் போடுவதற்கு மலாயில் ‘புக்கா லம்பு’ (விளக்கைத் திற) என்பதைக் கேட்டுப் பழகிய நாம் ஆங்கிலத்திலும் ‘ஓப்பன் த லைட்’ என்கிறோம். கடைத்தெருவில் அது செல்லும். தேர்வுத் தாளில் ‘ஸ்விட்ச் ஆன்’ என்றுதான் எழுத வேண்டும். இந்த வேறுபாட்டை உணர்த்துவதும் வாசிப்பே.

இந்த வாரம் உங்கள் வட்டாரத்துச் செய்தி ஒன்றை இரு மொழி நாளிதழ்களிலும் வாசித்து, தமிழில் ஒரு பத்தியும் ஆங்கிலத்தில் ஒரு பத்தியும் எழுதி அனுப்பு. இரண்டையும் திருத்தி அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.