டவுன்லோடு லிங்க், காலாவதி, 404: கேள்வி பதில்

வெப் ஆப்பிலிருந்து பில், ரிப்போர்ட், சிஎஸ்வி என்று தற்காலிகமாக ஃபைல் உருவாக்கிக் கொடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, ஜாங்கோவில் (பைத்தானில் வெப் ஆப் எழுதும் ஃபிரேம்வொர்க்) மாத ரிப்போர்ட்டைப் பிடிஎஃப்பாகத் தருகிறேன். சின்னக் கடைகளுக்கு வந்துவிடுகிறது, பெரிய கடை என்றால் 502 பிழை வருகிறது. டைம்அவுட்டைக் கூட்டினால் போதுமா?

பதில்: இப்போதைக்குப் போதும், அடுத்த பெரிய கடை வரும்வரை. ஜாங்கோவை ஓட்டும் சர்வரான குனிகார்ன் சும்மா விட்டால் 30 விநாடிதான் பொறுக்கும், அதற்குள் முடிக்காத வொர்க்கரை (கோரிக்கையைக் கவனிக்கும் ப்ராசஸை) கொன்றுவிடும், அதைத்தான் முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் 502 என்று காட்டுகிறது. வேலையை, பின்னணியில் செய்து முடிக்கும் செலரி மாதிரி ஒரு க்யூவில் போட்டுவிட்டு, "தயாராகிறது" என்று உடனே பதில் சொல்லுங்கள். பக்கம் சில விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்து, முடிந்ததும் லிங்க்கைக் காட்டட்டும். சின்ன பிடிஎஃப்புக்கு இவ்வளவும் வேண்டாம், டிஸ்க்கில் எழுதாமல் மெமரியிலிருந்தே அனுப்பிவிடலாம்.

கேள்வி: மீடியா ஃபோல்டரில் பில்_1045 என்று சேமிக்கிறேன். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை இல்லை! 1045-ஐ 1046 ஆக்கிப் பார்க்க யாருக்குத்தான் கை வராது, அடுத்தவர் பில் திறந்துவிடும். பைத்தானின் சீக்ரெட்ஸ் மாட்யூலில் 32 பைட் டோக்கன் (ஊகிக்க முடியாத எழுத்துக் கோவை) எடுத்துப் பெயராக வையுங்கள், ஃபோல்டரையும் வெளியே தெரியாத இடத்துக்கு மாற்றுங்கள். லாகின் இருக்கிற ஆப் என்றால் டோக்கனை மட்டும் நம்பாமல், கேட்பவர் யார் என்று ஜாங்கோ பார்த்துவிட்டு எந்த ஃபைல் என்று என்ஜின்எக்ஸுக்குச் சொல்லும் எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட் ஹெடரை மட்டும் அனுப்பட்டும். ஃபைலைத் தூக்கிக் கொடுக்கிற வேலையை என்ஜின்எக்ஸ் பார்த்துக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் செட்டிங்கில் அந்த ஃபோல்டருக்கான லொகேஷனில் 'இன்டர்னல்' என்று போட மறந்தால் கதவு திறந்தே கிடக்கும்.

கேள்வி: பாதி நேரம் 404 (ஃபைல் இல்லை) வருகிறது, ரெஃப்ரெஷ் செய்தால் கிடைக்கிறது. பேயா?

பதில்: சர்வர் இரண்டு வைத்திருப்பீர்கள். ஃபைல் ஒன்றின் டிஸ்க்கில் இருக்கிறது, கோரிக்கைகளைப் பிரித்துவிடும் லோடு பேலன்சர் மற்றதிடம் அனுப்புகிறது. அமேசானின் எஸ்3 போன்ற, எல்லாச் சர்வருக்கும் பொதுவான சேமிப்பிடத்தில் போட்டு, காலாவதி நேரத்தோடு கையெழுத்திட்ட லிங்க் கொடுங்கள். அதிகபட்சம் 7 நாள் வைக்கலாம், ஆனால் 15 நிமிடமே தாராளம். சர்வருக்குக் கொடுத்த ரோலின் தற்காலிகச் சாவியால் கையெழுத்திட்டால் அந்தச் சாவி சாகும்போது லிங்க்கும் சாகும், 7 நாள் கேட்டிருந்தாலும் சரி. எஸ்3-இன் தானியங்கி அழிப்பு நாள் கணக்கில்தான் நடக்கும், லிங்க் செத்த பிறகும் ஃபைல் கொஞ்ச நேரம் கிடக்கும். கிடக்கட்டும்.

கேள்வி: ஒருமுறை மட்டும் திறக்கும் லிங்க் அனுப்பினோம். கிளிக் செய்வதற்கு முன்பே "பயன்படுத்தப்பட்டது" என்கிறது, வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார்.

பதில்: அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். சாட் ஆப் முன்னோட்டம் காட்டவும், மெயில் வடிகட்டி வைரஸ் பார்க்கவும் லிங்க்கை முதலில் திறந்துவிடுகின்றன. லிங்க் ஒரு பக்கத்துக்குப் போகட்டும், அங்கே பட்டனை அழுத்தி போஸ்ட் கோரிக்கை வந்தால் மட்டும் ஃபைல் கொடுங்கள். என்னைக் கேட்டால் எண்ணிக்கைக் கட்டுப்பாடே வேண்டாம், நேரக் கட்டுப்பாடு போதும். நெட் அறுந்து பாதியில் நின்ற டவுன்லோடு தொடரும்போது இரண்டாவது கோரிக்கை வரும், அதை மறுத்தால் இன்னொரு சண்டை.

கேள்வி: கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லினக்ஸ் வசதி) வைத்து ஒரு மணிநேரப் பழைய ஃபைல்களை அழிக்கிறேன். அந்த நேரம் யாராவது இறக்கிக்கொண்டிருந்தால்?

பதில்: லினக்ஸில் பயமில்லை. அழிப்பது பெயரை மட்டும்தான்; ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிற ப்ராசஸ் கடைசி பைட்வரை படிக்கும், மூடிய பிறகே இடம் காலியாகும். விண்டோஸில் பெரும்பாலும் அழிக்கவே விடாது. நீங்கள் பயப்பட வேண்டியது எழுதி முடிக்காத ஃபைல் வெளியே போவதற்கு: வேறு பெயரில் எழுதி, முடிந்ததும் அதே டிஸ்க்குக்குள் ரீநேம் செய்யுங்கள்.

கேள்வி: தமிழ்ப் பெயர் வைத்தால் டவுன்லோடில் குப்பையாக வருகிறது, சிஎஸ்வியும் எக்செல்லில் அப்படியே.

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். பெயருக்கு, ஃபைல் பெயரைப் பிரவுசருக்குச் சொல்லும் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெடரில் நட்சத்திரம் போட்ட ஃபைல்நேம் வடிவம் வேண்டும். ஜாங்கோவின் ஃபைல்ரெஸ்பான்ஸ் அதைத் தானே செய்துவிடும். டிஸ்க்கில் டோக்கன் பெயரே இருக்கட்டும், ஏனென்றால் லினக்ஸில் பெயருக்கு 255 பைட்தான், 'கோ' ஒன்றே 6 பைட் தின்னும். எக்செல்லுக்கு, யுடிஎஃப்-8-சிக் என்கோடிங்கில் எழுதுங்கள், முன்னால் ஒட்டும் 3 பைட்டைப் பார்த்து எக்செல் புரிந்துகொள்ளும். அப்புறம், பயனர் தட்டிய எதுவாவது சமக்குறியில் தொடங்கினால் எக்செல் அதை ஃபார்முலா என்று நினைத்து ஓட்டும், அதற்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி சேர்த்துவிடுங்கள்.