பயிற்சி வீடியோவுக்குச் சந்தா: எதற்குப் பணம் கட்டுகிறோம்?

கேள்வி: நாங்கள் ஓஹாயோவில் கொலம்பஸ் நகரத்தில் இருக்கிறோம். மகன் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனால் எனக்கும் அமெரிக்கக் கால்பந்துப் பித்துப் பிடித்துவிட்டது. "பயிற்சி வீடியோக்கள் அனைத்தும் உள்ளே" என்று ஒரு ரசிகர் தளத்தில் போட்டிருந்தார்கள், முதல் மாதம் 1 டாலர். சேர்ந்தேன். எல்லாம் இரண்டு மூன்று நிமிட வீடியோக்கள். பையன்கள் உடம்பை வளைக்கிறார்கள், ஓடுகிறார்கள், அவ்வளவுதான். போன வாரம் ஒரு வருடச் சந்தா மொத்தமாக கார்டில் போய்விட்டது. ஏமாந்துவிட்டேனா? பணம் திரும்ப வருமா?

பதில்: முதலில் பணத்தைப் பார்ப்போம், அதற்குத்தான் கெடு இருக்கிறது. இன்றைக்கே உங்கள் கணக்குக்குள் போய்ச் சந்தாவை ரத்து செய்யுங்கள். ரத்தாகிவிட்டது என்று வரும் பக்கத்தையும் மின்னஞ்சலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம் அந்தத் தளத்துக்கு நாலு வரி எழுதுங்கள். எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தார்கள், வருடத் தொகை பற்றி நீங்கள் பார்த்த பக்கத்தில் என்ன இருந்தது, இவ்வளவு போதும். கோபத்தை அதில் கொட்ட வேண்டாம். பணம் பிடித்த ஒரு வாரத்துக்குள் மரியாதையாகக் கேட்டுத் திரும்ப வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இரண்டு மாதம் கழித்துக் கேட்டு வாங்கியவர் ஒருவரைக்கூடத் தெரியாது.

அவர்கள் மறுத்தால் கார்டு கொடுத்த வங்கி இருக்கிறது. கிரெடிட் கார்டில் நீங்கள் ஒப்புக்கொள்ளாத தொகை வந்தால், அது முதலில் இடம்பெற்ற பில்லை வங்கி அனுப்பியதிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்ல அமெரிக்கச் சட்டம் உரிமை தருகிறது. போனில் பேசியது மட்டும் போதாது, எழுதியும் அனுப்புங்கள். நீங்கள் கட்டியது டெபிட் கார்டில் என்றால் பாதுகாப்பு வேறு, குறைவு. இதுபோன்ற சந்தாக்களுக்கு டெபிட் கார்டைக் கொடுக்கவே வேண்டாம் என்று இந்தப் பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறேன், இன்னொரு முறையும் எழுதுகிறேன்.

2010ஆம் ஆண்டு முதல் அங்கே ரோஸ்கா என்று ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. தானாகப் புதுப்பிக்கும் சந்தாவை இணையத்தில் விற்பவர், கார்டு விவரம் வாங்கும் முன்பே நிபந்தனைகளைத் தெளிவாகக் காட்ட வேண்டும், உங்கள் சம்மதத்தை வாங்க வேண்டும், நிறுத்துவதற்கு எளிய வழி தர வேண்டும். அமேசான் பிரைம் விஷயத்தில் இந்தச் சட்டத்தை வைத்துத்தான் எஃப்டிசி எனப்படும் மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அது சமரசமானது. "ஒரே கிளிக்கில் ரத்து" விதியை 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது என்று படித்துவிட்டு, இனி நமக்கு வழியே இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். தள்ளுபடியானது அந்தப் புதிய விதி மட்டும்தான். ரோஸ்கா அப்படியே இருக்கிறது. எனவே நீங்கள் சேர்ந்த பக்கத்தை இன்னொரு முறை திறந்து, "30 நாளுக்குப் பின் வருடத் தொகை" என்ற வரி எங்கே, எந்த அளவு எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பட்டனுக்குப் பக்கத்திலேயே பளிச்சென்று இருந்தால் உங்கள் வாதம் பலவீனம். கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் கிடந்தால் அதைப் படம் எடுத்து ஆணையத்தின் புகார்ப் பக்கத்தில் ஏற்றுங்கள். உங்கள் ஒருவர் பணத்தை ஆணையம் வாங்கித் தராது. ஆனால் அந்தத் தளத்தைப் பற்றிப் பத்துப் பேர் எழுதினால் கோப்பு கனக்கும்.

ஆப்பிள் போன் வழியாகச் சேர்ந்திருந்தால் கதை மாறும். அப்போது பணம் வாங்கியது ஆப்பிள். ரத்து செய்வது போனின் செட்டிங்ஸில், பணம் திரும்பக் கேட்பதும் ஆப்பிளிடம். கூகிள் பிளேயிலும் அப்படியே. ஆப்பை அழித்தால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிற்காது.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். உங்களைப் போலவே நானும் ஒரு ஆகஸ்டில் இப்படிச் சேர்ந்தேன், வேறொரு தளத்தில். அன்று பார்த்த வீடியோ இன்னும் கண்ணில் நிற்கிறது. 2 நிமிடம் 40 விநாடி. வரிசையாக நின்று காலை நீட்டுகிறார்கள். ஹாரன் ஒலிக்கிறது. குவாட்டர்பேக்குகள், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்கள், மூன்று பேர், யாரும் மோதக் கூடாது என்பதற்காக வேறு நிற ஜெர்சியில், எதிரே யாருமே இல்லாமல் வலைக்குள் பந்தை எறிகிறார்கள். மறுபடி ஹாரன். பதினொருவருக்கு எதிராகப் பதினொருவர் வந்து நிற்கிறார்கள், என் மனம் துள்ளுகிறது, படம் அங்கேயே முடிந்துவிட்டது.

அங்கே ஏன் முடிகிறது என்பது தெரிந்தால் எதற்குக் காசு கொடுக்கலாம் என்பதும் தெரியும். பயிற்சித் திடல் பல்கலைக்கழகத்துடையது, கேமராவை எவ்வளவு நேரம் விடுவது என்பது தலைமைப் பயிற்சியாளர் முடிவு. பெரிய அணிகளில் பொதுவாகச் செய்தியாளர்களுக்குப் பயிற்சியின் தொடக்கத்தில் ஒரு சிறு நேரம், பெரும்பாலும் 15 அல்லது 20 நிமிடம், உள்ளே வர அனுமதி. உடம்பைத் தயார் செய்வதும் தனித்தனிப் பயிற்சிகளும் மட்டும் எடுக்கலாம். அணியாக வியூகம் போட்டு ஆட ஆரம்பித்ததும் கேமராவை இறக்கச் சொல்லிவிடுவார்கள். சில நாட்களில் கூடுதல் நேரம் உட்கார விடுவார்கள், அப்போதும் கண்ணால் பார்க்கலாம், படம் கூடாது. மாதம் 10 டாலர் வாங்கும் தளமாக இருந்தாலும் உள்ளூர்த் தொலைக்காட்சியாக இருந்தாலும் நிற்பது ஒரே கயிற்றுக்குப் பின்னால்தான். அந்தத் தொலைக்காட்சி அதே 2 நிமிடத்தை யூட்யூபில் இலவசமாகப் போட்டுவிடும்.

பயிற்சியாளர்கள் இவ்வளவு பூட்டுவதில் எனக்குக் கோபம் இல்லை. எதிரணிப் பயிற்சியாளர்கள் வீரர்களுக்குக் காட்டும் சைகைகளைத் திருடிய விவகாரம் 2023இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை எப்படி உலுக்கியது என்று பார்த்தோம். 2018 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கத் தொடங்கிய பிறகு, ஒரு பையன் நொண்டி நடக்கிறான் என்கிற செய்திக்கே விலை வந்துவிட்டது. அதே வருடம் அக்டோபரில் அணி மாறும் வீரர்களுக்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. நன்றாக ஆடுவதாக வீடியோவில் தெரியும் இரண்டாம் வரிசைப் பையனை வேறு கல்லூரி கொத்திக்கொண்டு போகலாம். நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் மேட் ரூல் 2025இல் வழக்கமான ஸ்பிரிங் கேமையே (வசந்த காலப் பயிற்சியின் முடிவில் அணி தனக்குள்ளேயே ஆடும் ஆட்டம்) கைவிட்டதற்குச் சொன்ன காரணம் இதுதான்: முந்தைய ஆண்டு ஆட்டம் தொலைக்காட்சியில் போனபின் தன் வீரர்களுக்குப் பலர் வலை வீசினார்கள் என்றார். டெக்ஸஸும் அந்த ஆண்டு ஸ்பிரிங் கேமை விட்டுவிட்டது. 2016இல் உங்கள் ஓஹாயோ ஸ்டேட் திடலில் ஸ்பிரிங் கேம் பார்க்க 1,00,189 பேர் கூடினார்கள். அந்தக் காலத்தின் தாராளம் இனி வராது.

ஆக, "அனைத்தும் உள்ளே" என்ற விளம்பரம் சொல்லளவில் பொய் இல்லாமல் இருக்கலாம். எடுக்க விட்டது அனைத்தும் உள்ளே இருக்கிறது. ஆனால் நீங்கள் எதை எதிர்பார்த்துப் பணம் கட்டினீர்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை எழுதாமல் விட்டதுதான் எனக்கு உறுத்துகிறது.

அப்படியானால் சந்தாவே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். இந்தத் தளங்களில் காசுக்கு மதிப்பு எழுத்தில் இருக்கிறது, வீடியோவில் இல்லை. 2025 ஆகஸ்டில் ஓஹாயோ ஸ்டேட்டின் குவாட்டர்பேக் இடத்துக்கு ஜூலியன் சாயினா, லிங்கன் கீன்ஹோல்ட்ஸா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வலைக்குள் பந்து எறியும் வீடியோவை நூறு தரம் பார்த்தாலும் அதற்கு விடை கிடைக்காது. முதல் வரிசை வீரர்களோடு இன்றைக்கு யார் நின்றார், தடுப்பு வரிசையில் இடப்பக்கம் யாரை மாற்றினார்கள் என்று பத்து வருடமாக அந்தத் திடலுக்குப் போய்வரும் ஒரு செய்தியாளர் எழுதும் நாலு பத்தியில் கிடைக்கும். அப்படி ஒருவர் அந்தத் தளத்தில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அவருடைய பழைய கட்டுரை ஒன்றிரண்டு இலவசமாகக் கிடைக்கும், படித்துவிட்டுக் கட்டுங்கள்.

மாதச் சந்தாவாகவே கட்டுங்கள். வசந்த காலத்தில் அணிக்கு 15 பயிற்சிகள்தான் அனுமதி, ஸ்பிரிங் கேமும் அந்தக் கணக்கில் அடக்கம். சீசனுக்கு முன் ஆகஸ்டை ஒட்டி 25. பயிற்சிச் செய்தி மட்டும் வேண்டுமென்றால் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் ஒவ்வொரு மாதம் கட்டினால் போதும். சேர்ந்த அன்றே ரத்து செய்துவிடலாம், கட்டிய மாதம் முடியும்வரை பெரும்பாலான தளங்கள் திறந்தே இருக்கும். சேரும் முன் அப்படி எழுதியிருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் அணியில் நீங்கள் காசில்லாமல் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, மகனுக்குத் தெரிந்திருக்கும். முன்னாள் தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மேயர் காலத்தில் வந்த வழக்கம் அது. புதிதாகச் சேரும் வீரரின் ஹெல்மெட்டில் நடுவே கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கும். பயிற்சியில் தன்னை நிரூபித்த அன்று எல்லோருக்கும் நடுவில் அதை உரித்து எடுப்பார்கள். பயிற்சி வீடியோவில் பழைய ரசிகர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, ஹெல்மெட்டைத்தான் பார்ப்பார்கள். பட்டை போன பையனைப் பயிற்சியாளர்கள் நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த வீடியோவை அணியே தன் பக்கங்களில் போடுகிறது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பட்டை உரிந்த ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேச வார்த்தை வராமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நான் காசு கொடுத்துப் பார்த்த எந்த வீடியோவும் அதற்கு ஈடாகவில்லை.

கேள்வி: ஆஸ்டினில் இருக்கிறோம். முன்பு கேபிளில் லாங்ஹார்ன் நெட்வொர்க்கில் டெக்ஸஸ் அணியின் செய்தி நாள் முழுக்க வரும். இப்போது எந்தச் சேனலுக்குக் கட்டினால் அது கிடைக்கும்?

பதில்: எதற்குக் கட்டினாலும் கிடைக்காது. 2011 ஆகஸ்டில் ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமும் பல்கலைக்கழகமும் 20 ஆண்டு, 30 கோடி டாலர் ஒப்பந்தத்தில் தொடங்கிய சேனல் அது. ஒரே ஒரு கல்லூரிக்காக 24 மணி நேரமும் ஓடியது. 2024 ஜூலையில் டெக்ஸஸ் எஸ்இசி என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில் சேர்ந்தபோது மூடிவிட்டார்கள். இப்போது அந்தக் கூட்டமைப்பின் சேனலான எஸ்இசி நெட்வொர்க்கில் 16 கல்லூரிகள் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, பயிற்சிச் செய்தி அதில் ஓரமாகத்தான் வரும். அதற்காக மட்டும் பெரிய ஸ்ட்ரீமிங் பேக்கேஜ் எடுக்காதீர்கள். ஆட்டங்களையும் பார்ப்பீர்கள் என்றால் எடுங்கள், சீசன் முடியும் ஜனவரியில் நிறுத்திவிடுங்கள். பயிற்சியாளரின் செய்தியாளர் சந்திப்பு முழுவதுமே யூட்யூபில் இலவசம்.

கேள்வி: "இன்றைய ஸ்பிரிங் கேம் நேரலை, இலவசம்" என்று ஃபேஸ்புக் குழுவில் ஒரு லிங்க் வந்தது. வயதைச் சரிபார்க்க கார்டு எண் கேட்கிறது. போடலாமா?

பதில்: போடாதீர்கள். இலவசம் என்பவருக்கு உங்கள் கார்டு எண் எதற்கு? தொலைக்காட்சியில் வராத ஆட்டங்களைப் பார்த்துத்தான் இந்தக் கூட்டம் வலை விரிக்கிறது, பள்ளி ஆட்டங்களிலும் இதையே செய்கிறார்கள். ஆட்டம் உண்மையிலேயே நேரலையாக இருந்தால் அணியின் சொந்த இணையதளத்தில் அட்டவணைக்குப் பக்கத்தில் சேனல் பெயர் போட்டிருக்கும். அங்கே இல்லை என்றால் எங்கேயும் இல்லை. எண்ணை ஏற்கனவே போட்டுவிட்டிருந்தால் இதைப் படித்து முடித்ததும் கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கு போன் செய்து புதுக் கார்டு கேளுங்கள். சின்னத் தொகை ஏதாவது போயிருக்கிறதா என்றும் பாருங்கள். 1 டாலர், 2 டாலர் என்று எடுத்துச் சோதித்துவிட்டு அப்புறம் பெரிதாக எடுப்பார்கள்.