ஹார்ன்பியின் அப்பா – கடிதம்

வணக்கம் ஐயா,

துளையிட்ட உலோகத் துண்டுகளை முடுக்கிப் பொம்மை கட்டும் மெக்கானோ பற்றி எழுதியபோது, ஃபிராங்க் ஹார்ன்பி முதலாளியிடம் ஐந்து பவுண்டு கடன் வாங்கிக் காப்புரிமை பெற்ற கணக்குப்பிள்ளை என்று சொல்லியிருந்தீர்கள். ஆனால் அவர் அப்பா லிவர்பூலில் வியாபாரி என்று படித்தேன். அப்பா காசு இருந்தவனை ஏன் ஏழைக் கண்டுபிடிப்பாளனாகக் காட்டவேண்டும்? அப்படி எழுதினால்தான் கதை எடுபடும் என்பதாலா?

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

அப்பாவை விட்டுவிட்டது என் தப்புதான். ஏழை என்று நான் எழுதவில்லை. ஆனால் அப்படிப் படும்படி எழுதியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

அப்பா பெயர் ஜான் ஆஸ்வால்ட் ஹார்ன்பி. தொழில், ‘ப்ரொவிஷன் மெர்ச்சன்ட்’. மெர்ச்சன்ட் என்றதும் நமக்குக் கப்பலும் கிட்டங்கியும் கண்ணில் வந்துவிடுகின்றன. அந்தக் கால இங்கிலாந்தில் ப்ரொவிஷன் என்றால் வெண்ணெய், பாலாடைக்கட்டி, உப்புக்கண்டம் போட்ட பன்றிக்கறி, இந்த மாதிரிச் சரக்கு. மண்டி வைத்திருப்பவர்களில் எத்தனை தரம் உண்டு என்று விருதுநகர்க்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

1863-இல் பிறந்த ஃபிராங்க் பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு அப்பாவிடமே காசாளராக உட்கார்ந்தார். 1899-இல் அப்பா இறந்ததும் வியாபாரத்தை மூடிவிட்டார்கள். மகன், டேவிட் ஹ்யூ எலியட் என்ற இறைச்சி இறக்குமதியாளரிடம் கணக்கு எழுதுபவர். 1901-இல் காப்புரிமைக்கு ஐந்து பவுண்டு தேவைப்பட்டபோது கை நீட்டியது அந்த எலியட்டிடம்தான். அப்பா விட்டுப்போன பணம் இருந்திருந்தால் முதலாளி முன்னால் போய் நின்றிருப்பாரா?

ஆனால் அப்பாவின் கடையிலிருந்து அவருக்கு ஒன்றுமே வரவில்லை என்றும் நான் சொல்லமாட்டேன். கணக்கு வந்தது. ஹார்ன்பி பொறியியல் படித்தவரல்ல. முன்பு நிற்காமல் ஓடும் இயந்திரமும் நீர்மூழ்கியும் செய்துபார்த்துத் தோற்றவர். பிள்ளைகளுக்காகத் தகட்டை வெட்டிப் பாரந்தூக்கி செய்தபோதுதான் ஒன்று பிடிபட்டது: ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனி உறுப்பு வெட்டவேண்டாம், எல்லாத் துண்டுகளிலும் அரை அங்குலத்துக்கு ஒரு துளை போட்டால் எதையும் எதோடும் முடுக்கிக்கொள்ளலாம். இன்று பாலம், அதைக் கழற்றினால் நாளைக்கு வண்டி. இருக்கிற சரக்கையே திரும்பத் திரும்பப் புரட்டுகிறவனுக்குத் தோன்றும் யோசனை இது என்பது என் எண்ணம்.

மெக்கானோவின் உறுப்புப் பட்டியலைப் பாருங்கள், அப்படியே சரக்குப் பேரேடு. இருபத்தைந்து துளைப் பட்டைக்கு எண் 1. ஐந்து துளைப் பட்டை எண் 5. நட்டும் போல்ட்டும் 37. ஒன்று தொலைந்தால் எண்ணைச் சொல்லி அதை மட்டும் வாங்க முடிந்தது. ஒன்றாம் நம்பர் பெட்டி வைத்திருந்த பையன் 1ஏ என்ற சேர்ப்புப் பெட்டியை வாங்கிச் சேர்த்தால் அது இரண்டாம் நம்பர் ஆகிவிட்டது. வாங்கிய வாடிக்கையாளரை விடவே விடாத வித்தை! நான் சின்ன வயதில் வைத்திருந்தது இதன் மலிவு நகல். ராத்திரி கழற்றி எண்ணும்போது எப்போதும் இரண்டு போல்ட் குறையும். கோரைப்பாய்க்கடியில் தடவித் தேடுவேன். சில நாள் காலையில் அம்மாவின் துடைப்பத்தில் வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐந்து பவுண்டோடு எலியட் நின்றுவிடவில்லை. அலுவலகத்தை ஒட்டிக் காலியாக இருந்த இடத்தைக் கொடுத்தார், கூட்டாளியாகவும் சேர்ந்தார். 1902-இல் வந்த முதல் பெட்டியில் பதினாறு வகை உறுப்புகள், பன்னிரண்டு மாதிரிகளுக்கு விளக்கத் தாள். லாபம் என்று சொல்லும்படி ஏதாவது வந்தது 1906-இல். அதுவரை லாபம் இல்லை. எனவே வியாபாரி காசு இருந்தது என்று நீங்கள் சந்தேகப்பட்டது பாதி சரி. அது அப்பாவின் காசு இல்லை, அவ்வளவுதான்.

அந்த எலியட் 1908-இல் விலகிக்கொண்டார். அந்த வருடம்தான் மெக்கானோ லிமிடெட் தொடங்கியது. ஹார்ன்பி தனி உரிமையாளர். ஆறு வருடத்தில் லிவர்பூலின் பின்ஸ் ரோடில் பெரிய தொழிற்சாலை.

கட்டுரையைத் திருத்திவிட்டேன். அப்பா பெயரைச் சேர்க்கும்போதுதான் கவனித்தேன், ‘முதலாளி’ என்று எழுதியிருந்தேனே தவிர எலியட் பெயரும் அதில் இல்லை.