முன்னால் வருகிறவருக்கும் கண் தெரிய வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாகன லைட் பற்றித்தான். மாரியும் நெருங்குகிறது, இருட்டும் வெள்ளனவே விழத் தொடங்கிவிடும். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு முழுப் பக்கத்தையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஐயா, என் வேனில் இருந்த எச்4 ஹலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி பல்ப் போட்டேன். எனக்கு ரோடு பகல் மாதிரித் தெரிகிறது. ஆனால் டிம்மில் போனாலும் எதிரே வருகிற எல்லாரும் லைட் அடித்துக் காட்டுகிறார்கள், களுவாஞ்சிக்குடியில் ஒருவர் வண்டியை நிறுத்தியே ஏசிவிட்டார். டிம்மில் போகிற எனக்கு ஏன் இந்த ஏச்சு? (கல்முனை வாசகர்)

ஏசியவர் பக்கம்தான் நான் நிற்பேன் தம்பி, கோபிக்க வேண்டாம், காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் கழற்றிய பழைய எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும், ஒன்று ஹை பீமுக்கு, மற்றது டிம்முக்கு. டிம் இழைக்குக் கீழே நகம் அளவில் ஒரு சின்னத் தகடு கிண்ணம் போல வளைந்து நிற்கும். அந்தத் தகடு கீழ்ப்பக்கம் போகும் வெளிச்சத்தை மறித்துவிடுவதால் லைட்டுக்குள் ஒளியைத் திருப்பும் கண்ணாடியின் மேல் பாதியில் மட்டும் ஒளி பட்டு, ரோட்டை நோக்கிக் கீழே விழுகிறது. தகட்டின் ஒரு ஓரத்தைக் கொஞ்சம் சரித்து வெட்டியிருப்பார்கள், அதனால்தான் நம் இடது பக்க ரோட்டோரம் மட்டும் சற்றுத் தூரம் வரை தெரியும், வலப்பக்கம் எதிரே வருகிறவனுடைய கண்ணுக்கு ஏறாது. இழை நிற்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலே இந்தக் கணக்குக் குழம்பிவிடும். நீங்கள் போட்ட எல்இடியில் இழையே கிடையாது, தட்டையான பலகையின் இரு பக்கமும் ஒட்டிய சில்லுகள்தான். இழைக்கென்று செய்த கண்ணாடிக்குள் அதை வைத்தால் வெளிச்சம் கண்டபடி சிதறும், அதில் ஒரு பங்கு நேரே எதிரே வருகிற மோட்டார் சைக்கிள்காரனுடைய கண்ணுக்குள் போகும்.

பகல் மாதிரித் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பளிச்சென்று இருந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்ளும், அதற்கு அப்பால் இருக்கிற இருட்டு இன்னும் இருட்டாகிவிடும். மாடு படுத்திருப்பது அந்த அப்பால்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒன்றைக் கண்டு, பிரேக்கில் கால் வைத்து, வண்டி நிற்பதற்குள் சுமார் 45 மீட்டர் போய்விடும். 80 என்றால் 70 மீட்டருக்குக் கிட்ட. பட்டிக்குப் போகாமல் சூடான தார் ரோட்டில் படுத்துக் கிடக்கிற கறுப்பு மாட்டை அந்தத் தூரத்தில் காணத்தான் லைட். வண்டிக்கு முன்னால் கிடக்கிற கல்லை எண்ணுவதற்கு இல்லை.

பல்ப் பெட்டியில் 20,000 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று போட்டிருந்தால் அதையும் நம்ப வேண்டாம். ஒழுங்கான எச்4 பல்ப் டிம்மில் 1000 லூமன் அளவு, ஹை பீமில் 1650 அளவு தரும், சரியாகச் செய்த லைட்டுக்கு அது போதும். ஐரோப்பிய விதிப்படி டிம்மில் 2000 லூமனுக்கு மேல் போகிற லைட்டென்றால், பாரம் ஏறும்போது தானாகத் தாழும் ஏற்பாடும் லைட்டின் முன் கண்ணாடியைக் கழுவும் ஏற்பாடும் சேர்ந்தே இருக்க வேண்டும். வெளிச்சம் கூடக்கூடப் பொறுப்பும் கூடுகிறது என்று அங்கே அதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். மாற்றிப் போடும் எல்இடி பல்புக்கு ஜெர்மனியில் 2020இல்தான் முதல் அனுமதி கிடைத்தது, ஒஸ்ராம் நிறுவனத்தின் பல்புக்கு. அதுவும் எல்லா வண்டிக்கும் இல்லை, இந்த மொடலுக்குப் போடலாம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியல் போட்டுத்தான் கொடுத்தார்கள்.

சரி, என்ன செய்யலாம்? பழையபடி நல்ல கம்பனி ஹலோஜனையே போடுங்கள். அது மங்கலாக எரிந்ததால்தான் மாற்றியிருப்பீர்கள், அப்படியென்றால் குற்றம் பல்பில் இல்லை, வயரிலாக இருக்கலாம். பழைய வண்டிகளில் சுவிட்சும் வயரும் துருப்பிடித்து, பற்றரியில் இருக்கிற கரன்ட் லைட்டுக்கு முழுதாகப் போய்ச் சேராது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் ஹலோஜன் வெளிச்சத்தில் கால்வாசி போய்விடும். நல்ல எலக்ட்ரீசியன் ஒருவரிடம் சொல்லி, ரிலே (கூடிய கரன்டைத் திறந்து மூடும் தனிச் சுவிட்ச்) வைத்துத் தடித்த வயரில் நேரே கரன்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், வித்தியாசம் அன்று இரவே தெரியும்.

அப்புறம் லைட்டின் உயரம். சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, ஒருவரை ட்ரைவர் சீட்டில் இருத்தி, டிம் போடுங்கள். தரையிலிருந்து லைட்டின் நடு எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் குறித்தால், வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் குறியிலிருந்து ஏறக்குறைய 10 சென்ரிமீட்டர் கீழே விழ வேண்டும். மேலே விழுந்தால் கராஜில் சொல்லித் திருகைச் சரிசெய்யுங்கள். பின்னால் அரிசி மூட்டை அடுக்கினால் முன்பக்கம் தூக்கும், ஒரு பாகை தூக்கினாலே 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 87 சென்ரிமீட்டர் மேலே ஏறிவிடும். பல வண்டிகளில் டாஷ்போர்ட்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்ன உருளை இருக்கிறது, பாரம் ஏற்றினால் லைட்டைத் தாழ்த்தத்தான் அது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள்தான் அதிகம்.

வயது அறுபத்தைந்து. இரவில் கல்லடிப் பாலத்தைத் தாண்டி ஓட்டுவதற்கே பயமாக இருக்கிறது, எதிர் லைட் போன பிறகும் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரிவதில்லை. மகன் இரவில் ஓட்டுவதற்கென்று மஞ்சள் கண்ணாடி வாங்கித் தந்திருக்கிறான், போடலாமா? (ஆரையம்பதி வாசகர்)

போட வேண்டாம் ஐயா. கண் கூசுவது குறைந்த மாதிரி ஒரு உணர்வு வரும், ஆனால் எந்த நிறக் கண்ணாடியும் கண்ணுக்கு வருகிற வெளிச்சத்தை வெட்டத்தான் செய்யும், இருட்டில் நடந்து வருகிற ஆளைக் காண அந்த வெளிச்சம்தானே வேண்டும். அமெரிக்காவில் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்விலும், இந்த மஞ்சள் கண்ணாடி போட்டவர்கள் பாதசாரியைக் காண்பதில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. முதலில் கண் டொக்டரிடம் போய் வெண்புரை இருக்கிறதா என்று பாருங்கள். புரை பிடித்த வில்லைக்குள் வெளிச்சம் சிதறி எல்லாம் வெள்ளையாகிவிடும், சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரவில் ஓட்டுவது எவ்வளவோ இலேசாகிவிடுகிறது. வண்டியின் முன் கண்ணாடியை உள்பக்கமும் துடைக்கச் சொல்லுங்கள், அங்கே படிகிற மெல்லிய படலம்தான் எதிர் லைட்டைக் கண்ணாடி முழுக்கப் பரப்புகிறது. எதிரே லைட் வரும்போது அதைப் பார்க்காமல் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள், வேகத்தையும் குறையுங்கள்.

வெள்ளாமை வெட்டுக் காலத்தில் நெல் ஏற்றிக்கொண்டு ட்ரெக்டரில் இரவில்தான் வர வேண்டியிருக்கிறது. ட்ரெக்டர் இழுத்து வரும் பெட்டிக்குப் பின்னால் லைட் போட்டால் ஒரு போகம் தாங்காது, வயர் அறுந்துவிடும். வேறு வழி உண்டா? (சம்மாந்துறை விவசாயி)

உண்டு, கட்டாயம் செய்யுங்கள். கடிதங்களிலேயே என் மனதை மிகவும் பிடித்து உலுக்கியது இந்தக் கேள்விதான். வயலில் இருந்து ஏறி வருகிற பெட்டி 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும், பின்னால் வருகிற பிள்ளை மோட்டார் சைக்கிளில் 60இல் வருவான். இரண்டுக்கும் இடையில் ஒரு செக்கனுக்கு 12 மீட்டருக்கு மேல் குறைந்துகொண்டு வருகிறது. நெல்லுத் தூசி பிடித்த பலகை இருட்டோடு இருட்டாக நிற்கும், அதிலும் எதிரே ஒரு லொறி லைட் அடித்துக்கொண்டு வந்தால் பெட்டி அவனுக்கு இல்லவே இல்லை. பெட்டியின் மூலை சரியாக அவனுடைய நெஞ்சு உயரம். எத்தனை வீட்டில் இப்படி அழுதிருக்கிறார்கள் என்று உங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வயர் அறுந்தாலும் அறாத பொருள் ஒன்று இருக்கிறது, ஒளி திருப்பும் ஸ்டிக்கர் டேப். பார்ட்ஸ் கடையில் சிவப்பும் வெள்ளையுமாகச் சுருளில் விற்கும். அதன் உள்ளே மிக நுண்ணிய கண்ணாடி மணிகளோ முக்கோணப் பட்டைகளோ இருக்கும், எந்தப் பக்கமிருந்து ஒளி வந்ததோ அதே பக்கத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். ஓட்டி வருகிறவனுடைய லைட்டே அவனுக்கு உங்கள் பெட்டியைக் காட்டிக் கொடுக்கும், கரன்ட் வேண்டாம். பின் பலகையின் நான்கு ஓரத்திலும் பெட்டியின் முழு அளவும் தெரிகிற மாதிரிச் சிவப்பு ஒட்டுங்கள், பக்கப் பலகையிலும் ஒட்டுங்கள், ஏனென்றால் வயல் பாதையிலிருந்து ரோட்டுக்கு ஏறும்போது பெட்டி குறுக்கேதான் நிற்கிறது. பலகையைத் துடைத்துக் காயவைத்து ஒட்ட வேண்டும், நெல்லுத் தூசிக்கு மேல் ஒட்டினால் ஒரு மழைக்கு நிற்காது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன் ஈரத்துணியால் ஒரு தடவை துடையுங்கள். சாக்குத் தொங்கவிட்டு டேப்பை மறைக்கவும் கூடாது.

லைட்டும் வேண்டும்தான். ரோட்டில் நின்றுகொண்டிருக்கிற ஆளுக்கும் லைட் இல்லாமல் வருகிற சைக்கிளுக்கும் டேப் தெரியாதே. காந்தத்தோடு பற்றரியில் எரிகிற சிவப்பு எல்இடி லைட்டுகள் வருகின்றன, இறக்கிய பிறகு கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். லேண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர ட்ரெக்டர்) வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

புதிய கார்களில் ஹை பீமிலேயே போனாலும் எதிரே வருகிறவருக்குக் கண் கூசாது என்கிறார்களே, அது எப்படி? (மட்டக்களப்பு நகர், உயர்தர மாணவி)

நல்ல கேள்வி தங்கச்சி. பழைய லைட்டில் ஒரு பல்ப், அதற்கு டிம், ஹை என்று இரண்டு நிலைதான். புதியதில் ஹை பீமைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி எல்இடி வைக்கிறார்கள். வண்டியின் முன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கமரா எதிர் லைட்டையும் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு லைட்டையும் கண்டுபிடித்து, அந்த வண்டி நிற்கிற திசைக்குரிய துண்டுகளை மட்டும் அணைத்துவிடும். அந்த வண்டியைச் சுற்றி ஒரு நிழல் கூடவே நகரும், மற்ற இடமெல்லாம் ஹை பீம். 2013இல் ஔடி ஏ8 காரில் இது வந்தபோது ஒரு பக்க ஹை பீமில் 25 எல்இடிகள் இருந்தன. 2018இல் மெர்சிடிஸ் மேபாக் காரில், ஒரு லைட்டுக்குள்ளேயே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண் கண்ணாடிகள் அசைந்து வெளிச்சத்தை வெட்டி அமைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் டிம் அல்லது ஹை, இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம் என்று பழைய விதி சொன்னதால் 2022 வரை இதற்கு அனுமதியே இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த முன்னேற்றத்தில் பாதி, வெளிச்சம் எங்கே போகக் கூடாது என்பதற்காகச் செய்த வேலை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல மதிப்பெண் பெற்ற லைட் உள்ள வண்டிகளுக்கு இரவில் பாதசாரி மீது மோதும் விபத்து, மோசமான லைட் உள்ளவற்றைவிட 23 வீதம் குறைவாக இருந்தது. மதிப்பெண் போடும்போது தூரம் தெரிகிறதா என்று பார்ப்பதோடு எதிரே கண் கூச வைத்தால் மதிப்பெண்ணைக் குறைக்கவும் செய்கிறார்கள்.

நம் ஊரில் ஓடுகிற ஜப்பான் கார்கள் பலவற்றில் தானாக ஹை, டிம் மாறும் வசதி இருக்கிறது. அது இன்னொரு லைட்டைக் கண்டால்தான் மாறும். லைட் இல்லாத சைக்கிளையும் நடந்து வருகிறவரையும் கணக்கில் எடுக்காது, வாகரைப் பக்கம் போகும்போது லைட் மாற்றுவதை அதற்கே விட்டுவிட வேண்டாம் என்று வீட்டில் ஓட்டுகிறவர்களிடம் சொல்லுங்கள்.

பெருமழையில் ஓடும்போது நான்கு சிக்னலையும் போட்டுக்கொண்டு போவது சரியா? (ஏறாவூர் வாசகர்)

சரியில்லை. அது நின்றுபோன வண்டிக்கானது. ஓடும்போது போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது, நிற்கிறீர்களா ஓடுகிறீர்களா என்பதும் புரியாது. மழையில் டிம் போடுங்கள், பின் சிவப்பு லைட்டும் சேர்ந்து எரியும். ஹை பீம் போட்டால் மழைத்துளியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

காரின் முன் லைட் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. பற்பசை தேய்க்கலாமா, கொசு மருந்து அடிக்கலாமா? (அக்கரைப்பற்று வாசகர்)

கொசு மருந்து வேண்டவே வேண்டாம், அது பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் பளபளப்பாக்குகிறது. பற்பசை கொஞ்ச நாளைக்குத்தான் நிற்கும். அந்தக் கண்ணாடி பொலிகார்பனேட், வெயிலைத் தாங்க மேலே ஒரு பூச்சு இருந்தது, கடற்கரை வெயிலில் அது தின்றுபோனதால்தான் மஞ்சள். தண்ணீர் விட்டு நுண் மணற்தாளால் தேய்த்து, திரும்ப வெயில் தாங்கும் பூச்சு அடித்துத் தரும் பெயின்ட் கடையில் கொடுங்கள். உள்பக்கம் ஈரம் படிந்திருந்தால் லைட்டையே மாற்ற வேண்டிவரலாம்.

மகள் டியூஷன் முடிந்து சைக்கிளில் வர ஏழு மணியாகிவிடுகிறது. சைக்கிளில் லைட் இல்லை. டைனமோ போடுவதா, பற்றரி லைட்டா? (செங்கலடி, ஒரு தாய்)

பற்றரி லைட் அக்கா. டைனமோ சைக்கிள் நின்றதும் அணைந்துவிடும், பிள்ளை ரோட்டைக் கடக்க நிற்கிற நேரத்தில்தான் லைட் அதிகம் தேவை. ஃபோன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏற்றலாம். முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு, இரண்டும் வேண்டும். காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் முதலில் பின் சிவப்பை வாங்குங்கள், பின்னால் வருகிற வண்டியைப் பிள்ளையால் பார்க்க முடியாதே. பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் உடைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அது மேலும் கீழும் அசைவதால் சைக்கிள் என்று தூரத்திலேயே ஓட்டுகிறவருக்குப் பிடிபடும். பின் லைட்டை மின்னவிடாமல் நிலையாக எரியவிடுங்கள், எவ்வளவு தூரத்தில் பிள்ளை போகிறாள் என்று கணிக்க அதுதான் வசதி. புத்தகப் பை லைட்டை மறைக்காத மாதிரி மட்கார்டில் பூட்டச் சொல்லுங்கள்.