வார்டு சிஸ்டர் பதில்கள்: "எல்லாம் ஒன்றுதான், ஏற்றிவிடு"

கேள்வி: வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகளாக நர்ஸாக இருக்கிறேன். பூஞ்சைத் தொற்று வந்த சர்க்கரை நோயாளி ஒருவருக்கு உறவினர்கள் வெளியே மருந்து வாங்கி வந்தார்கள். குப்பியில் 'ஆம்போடெரிசின் பி 50 மி.கி.' என்றிருந்தது. நான் அதுவரை பார்த்திராத மருந்து. சீனியரைக் கேட்டால், "எல்லாம் ஒன்றுதான், சலைனில் கலந்து ஏற்றிவிடு" என்றார். மனம் ஒப்பவில்லை. மருந்தாளுநரிடமும் டாக்டரிடமும் கேட்டுத் தெளிவதற்குள் 40 நிமிடம் போய்விட்டது. எல்லோர் எதிரிலும் திட்டு விழுந்தது. நான் செய்தது தவறா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: இல்லை. நான் அங்கே இருந்திருந்தால் உனக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்திருப்பேன். (என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளின் வயதுதான் உனக்கும்; அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.)

சலைனில் கலந்தால் அந்த மருந்து திரிந்துபோகும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஆம்போடெரிசினில் பழைய வகையும் இருக்கிறது, மருந்தை நுண்ணிய கொழுப்பு உறைக்குள் அடைத்த லிபோசோமல் வகையும் இருக்கிறது. இரண்டுமே 50 மி.கி. குப்பியில் வரும். லிபோசோமல் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. வரை கொடுப்பார்கள். பழையது ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1.5 மி.கி.யைத் தாண்டவே கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு லிபோசோமல் 6 குப்பிகூடப் போகலாம். பழைய வகையில் அதே 6 குப்பியை ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும். இதைச் சீனியரிடம் சண்டையாகச் சொல்லாதே. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்துக் காட்டு.

அந்தத் தாள்தான் நம் வார்டுகளுக்கு வந்தே சேர்வதில்லை! பெட்டியைக் கடை வாசலிலேயே போட்டுவிட்டு வெறும் குப்பியோடு வருகிறார்கள். பெட்டியோடு கொண்டுவரும்படி சீட்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிடு.

நானும் சறுக்கப் பார்த்தவள்தான். கொல்கத்தாவிலிருந்து வந்து காந்தி ரோடு லாட்ஜில் தங்கியிருந்த ஒரு பெரியவரை எங்கள் வார்டில் சேர்த்திருந்தார்கள். அவர் கையோடு கொண்டுவந்த இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்துவிட்டேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வங்காளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. தன் பையிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சு ஒன்றை எடுத்து ஆட்டிக் காட்டினார். அப்போதுதான் குப்பியைப் படித்தேன்: மில்லிக்கு 100 யூனிட். என் கையில் இருந்ததோ மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கான சிரிஞ்சு. 20 யூனிட் என்று நினைத்து 50 யூனிட்டைப் போட இருந்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

டாக்டர் போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு, அவருக்கே திருப்பிப் படித்துக் காட்டு. 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் போனில் ஒன்றுபோல்தான் காதில் விழும். 'ஒன்று, ஐந்து' என்று இலக்கம் இலக்கமாகக் கேள். பிராண்டு பெயரை நம்பி ஊசியைக் கையில் எடுக்காதே. அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படி. கணக்கை இன்னொரு நர்ஸும் தனியாகப் போடட்டும். உன் விடையை முன்கூட்டி அவளிடம் சொல்லிவிடாதே, தலையாட்டிவிடுவாள்.

கேள்வி: அம்மாவுக்கு என்ன ஊசி போடுகிறீர்கள் என்று கேட்டால் நர்ஸ் முகம் சுளிக்கிறார். கேட்கக் கூடாதா?
– ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: கேளுங்கள். ஆனால் அவர் மருந்தை அளந்துகொண்டிருக்கும்போது கேட்காதீர்கள், கணக்குத் தப்பும். அளந்து முடித்துக் கட்டிலருகே வந்ததும் கேளுங்கள். அம்மாவுக்கு எந்த மருந்தாவது முன்பு ஒவ்வாமல் போயிருந்தால், அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.