புது இரும்பு தோசைக்கல்லுல தோசை ஒட்டுதா? மொதல்ல எண்ணெய கொறைங்க

தாம்பரத்துலருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. 3 மில்லிமீட்டர் தடிமன்ல புதுசா ஒரு இரும்புத் தகடு தோசைக்கல் வாங்கி, 3 நாள் வடிகஞ்சியில ஊற வெச்சு, அப்புறம் நல்லெண்ணெய வழிய வழிய தடவி ஒரு வாரம் அப்படியே வெச்சிருந்தாங்களாம். இப்ப கல்லுல கை வெச்சா பிசின் மாதிரி ஒட்டுது, தோசை நடுவுல பிச்சுக்கிட்டு வருது, ஆனா அதே மாவு மாமியாரோட பழைய வார்ப்பிரும்பு கல்லுல ஜம்முனு எழும்பி வருது, கடையில திருப்பிக் குடுத்துரலாமான்னு கேள்வி.

குடுத்துராதீங்க. மாவு நல்ல மாவுன்னு மாமியார் கல்லே சொல்லிருச்சு. உங்க கல்லுலயும் குத்தம் இல்ல. எண்ணெய் ஜாஸ்தியாயிருச்சு, அவ்ளோதான்.

கல்லு எண்ணெய் குடிக்கும்னு வீட்டுல சொல்லுவாங்க இல்லையா, இரும்பு ஒண்ணும் குடிக்காது. ரொம்ப மெல்லிசா பூசுன எண்ணெய் நல்ல சூட்டுல காத்தோட சேந்து இறுகி, கருப்பா தோல் மாதிரி இரும்ப புடிச்சுக்கும், அதத்தான் பழகுன கல்லுன்னு சொல்றோம். எண்ணெய் தடிமனா நின்னா சரியா இறுகாம பாதியில கொழகொழன்னு நின்னுரும். அடுப்பு பக்கத்துல வெக்கிற எண்ணெய் தூக்குல வெளிப்பக்கம் மஞ்சளா ஒட்டிக்கிட்டு தேய்ச்சாலும் போகாம இருக்குமே, கிட்டத்தட்ட அதே சமாச்சாரம்தான்.

அத எடுக்க சுடுதண்ணியில சலவை சோடா கரைச்சு, கையில கிளவுஸ் போட்டுக்கிட்டு, கம்பி நார் வெச்சு தேயுங்க (அலுமினிய பாத்திரத்துல மட்டும் கரைக்காதீங்க, கருத்துரும்). துரு புடிக்காம இருக்க கடையில பூசி வந்த மெஷின் எண்ணெய் மிச்சம் மீதி இருந்தாலும் இதுலயே போயிரும். இரும்பு சாம்பல் நெறத்துல தெரியணும். கழுவுன உடனே தொடைச்சு அடுப்புல ஏத்திருங்க, ஈரத்தோட 10 நிமிஷம் விட்டா போதும், செவப்பா துரு பூத்துரும்.

இப்ப மிதமான தீயில காய விடுங்க. நடுவுல மொதல்ல வைக்கோல் நெறம் வரும், அப்புறம் ஊதா, அப்புறம் நீலம். கல்லு கெட்டுப்போச்சுன்னு பயந்துராதீங்க, சூட்டுல இரும்பு அப்படித்தான் நெறம் மாறும். அடுப்ப அணைச்சு, கல்லு கொஞ்சம் ஆறுனதும் அர ஸ்பூன் எண்ணெய் விட்டு பழைய காட்டன் துணியால மேல, அடி, விளிம்பு எல்லாம் தடவுங்க. தடவியாச்சா, இன்னொரு காஞ்ச துணி எடுத்து, ஐயோ தெரியாம எண்ணெய் தடவிட்டோமேங்கிற மாதிரி முழுசா தொடைச்சு எடுங்க. பாத்தா எண்ணெயே இல்லாத மாதிரிதான் இருக்கும், அது போதும். மறுபடி தீய வெச்சு, பொகை வந்து அடங்குற வரைக்கும் விட்டு, அணைச்சுருங்க. இதையே 4, 5 தடவை செய்யணும், ஜன்னல தொறந்து வெச்சுக்கோங்க.

எண்ணெய்னு பாத்தா சூரியகாந்தி நல்லா இறுகும், நல்லெண்ணெய்யும் பரவால்ல. தேங்காண்ணெய் இதுக்கு வேண்டாம், அதுல பெரும்பாலும் சாச்சுரேட்டட் கொழுப்பு, லேசுல இறுகாது. சாப்பிட நல்லது கெட்டதுங்கிறது வேற பஞ்சாயத்து, அதுக்குள்ள நான் போகல.

வடிகஞ்சி வைத்தியத்த நான் கொறை சொல்ல மாட்டேன், புளிச்ச கஞ்சி லேசான துருவ எடுக்கும். ஆனா அது சுத்தம் பண்ற வேலை, பழக்குற வேலை இல்ல. தகடு கல்லுக்கு ஒரு ராத்திரியே ஜாஸ்தி.

ஊத்தும்போது சூடு முக்கியம். தண்ணி தெளிச்சா சொய்ங்னு உடனே வத்தணும். முத்து முத்தா உருண்டு ஓடுச்சுன்னா சூடு ஓவர், அப்ப மாவு ஊத்தி இழுத்தா கரண்டியோடவே சுத்திக்கிட்டு வந்துரும். தீய கொறைச்சு, பாதி வெங்காயத்த முள்கரண்டியில குத்தி எண்ணெயில லேசா தொட்டு ஒரு சுத்து தேய்ச்சுட்டு ஊத்துங்க. சூடும் கொஞ்சம் தணியும், எண்ணெய்யும் மெல்லிசா பரவும். டிபன் கடையில தண்ணி அடிச்சு வெளக்கமாத்தால கூட்டுறாங்களேன்னு நீங்களும் சொம்போட ஊத்தாதீங்க, அது மொத்தமான பெரிய கல்லு தாங்கும், உங்க 3 மில்லிமீட்டர் தகடு நடுவுல எக்கிக்கும். வார்ப்பிரும்புன்னா விரிசலே விடலாம்.

மொத ஒரு வாரம் வெங்காய ஊத்தப்பம் சுடுங்க, எண்ணெய்ல வெங்காயம் வதக்குங்க. ஆம்லெட், புளி போட்ட மீன் வறுவல், தக்காளி எல்லாம் ஒரு மாசம் கழிச்சு பாத்துக்கலாம், புளிப்பு அந்த கருப்புத் தோல அரிச்சுரும். சப்பாத்திக்கு தனியா ஒரு கல்லு வெச்சுக்கோங்க, எண்ணெய் இல்லாம வெறும் கல்லுல காய்ச்சிக் காய்ச்சி பழக்குனது கருகிப் போயிரும், ஒதிர்ற மாவும் ஒட்டிக்கும்.

தினமும் தேய்க்க வேண்டாம், துணியால தொடைச்சா போதும். மீன் வாடை மாதிரி ஏதாவது இருந்தா கொஞ்சம் சோப்பு போட்டு கழுவலாம், நல்லா புடிச்ச தோல் அதுக்கெல்லாம் போகாது. ஆனா கழுவுனா அடுப்புல காய வெச்சு, ஒரு சொட்டு எண்ணெய் தடவி தொடைச்சுதான் எடுத்து வெக்கணும். சிங்க்குக்கு கீழ செருகாம ஆணியில மாட்டிருங்க.

மாமியார் கல்லு அளவுக்கு வர எத்தன நாள் ஆகும்னும் கேட்டிருந்தீங்க. தினம் தோசை ஊத்துற வீடுன்னா ரெண்டு, மூணு மாசத்துல பக்கத்துல வந்துரும். அதுவரைக்கும் விருந்தாளி வந்தா மாமியார் கல்லையே எடுத்துக்கோங்க.