நூறு மீட்டரும் தொண்ணூறு மில்லி சிறுநீரும்

திருநெல்வேலிச் சீமைப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேசிய அளவிலான சில தடகளப் போட்டிகளில், ஓட்டம் முடிந்த வீரர்களை ஊக்கமருந்துச் சோதனைக்கு அழைத்துச் செல்லும் துணையாளாகவும் நின்றிருக்கிறேன். ஓட்டத்தில் ஊக்கமருந்து பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் வந்த கேள்விகளில், ஒன்றையே மறுபடி கேட்டவற்றை விலக்கிவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

வள்ளியூர், கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, 100 மீட்டரில் உசேன் போல்ட்டின் 9.58 விநாடி மருந்தில்லாமல் நடக்கக்கூடியதா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் போல்ட் அந்த ஓட்டத்தை ஓடினார். மற்றவர்கள் நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து எட்டுகளில் கடக்கும் தூரத்தை, ஆறடி ஐந்தங்குல உயரமுள்ள அவர் ஏறத்தாழ நாற்பத்தோரு எட்டுகளில் கடந்தார். அத்தனை உயரமானவர்கள் காலை அவ்வளவு விரைவாக மாற்றிப் போட முடியாது என்று பயிற்சியாளர்கள் நம்பியிருந்த காலத்தில் அவர் அதைச் செய்து காட்டினார். அவர் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. இவை அவர் பக்கத்தில் உள்ளவை.

ஆனால் அவருக்கு அடுத்தபடியாக வேகப் பட்டியலில் நிற்கும் பெயர்களைப் பார்த்தால் உங்களுக்கு வந்த ஐயம் எனக்கும் வரத்தான் செய்கிறது. 9.69 ஓடிய டைசன் கே, 9.72 ஓடிய அசஃபா பவல், 9.74 ஓடிய ஜஸ்டின் கேட்லின் ஆகிய மூவருமே தங்கள் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் ஊக்கமருந்துக்காகத் தடையில் இருந்தவர்கள். மருந்தோடு ஓடியவர்களை மருந்தில்லாதவர் எப்படி முந்துவார் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நேரத்தைக் கொண்டு மட்டும் விடை சொல்ல முடியாது என்பதே என் நிலை. பக்கத்து வயலில் குருத்துப்பூச்சி விழுந்திருந்தால் நம் வயலில் இறங்கிப் பயிரைப் பிரித்துப் பார்ப்பவன்தான் விவசாயி. பார்க்காமலே மருந்தடிப்பவனும், நம் வயலுக்கு வராது என்று திண்ணையில் படுத்துக் கிடப்பவனும் எனக்கு ஒன்றுதான்.

தென்காசி, வங்கி ஊழியர்: சியோல் 1988 ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தை அண்டை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தவன் நான். பென் ஜான்சன் ஒருவர்தான் குற்றவாளியா?

அகப்பட்டவர் ஒருவர். 9.79 விநாடியில் ஓடிய கனடாவின் ஜான்சனுடைய சிறுநீரில் ஸ்டானோசோலால் என்னும் ஸ்டீராய்டு இருந்ததால் மூன்றாம் நாளே தங்கம் பறிக்கப்பட்டு, 9.92இல் வந்த கார்ல் லூயிஸுக்குப் போயிற்று. ஆனால் அன்று ஓடிய எண்மரில் அறுவரின் பெயர், அதற்கு முன்னரோ பின்னரோ, ஏதோ ஒரு வகையில் ஊக்கமருந்து விவகாரங்களில் அடிபட்டது. லூயிஸ் அதே ஆண்டு அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் ஊக்கிகளுக்காகச் சோதனையில் சிக்கி, தெரியாமல் உட்கொண்டது என்று விடப்பட்ட செய்தி 2003இல்தான் வெளிவந்தது. ஆறு பேரும் ஒரே குற்றத்தைச் செய்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. எனக்கு நினைவில் நிற்பவர் கால்வின் ஸ்மித். எந்தப் பேச்சிலும் அகப்படாமல் 9.99இல் நான்காவதாக வந்து, பிறகு வெண்கலம் பெற்ற அந்த மனிதரைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கனடா அரசு அமைத்த டியூபின் விசாரணையில், ஜான்சனின் பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸ், 1981 முதலே ஸ்டீராய்டு பயன்பட்டு வந்ததை ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட அந்த ஆண்டுகளிலெல்லாம் ஜான்சனின் சோதனைகள் சுத்தமாகவே வந்தன என்பதை மறந்துவிடாதீர்கள்.

அம்பாசமுத்திரம், மருந்தாளுநர்: பத்து விநாடி ஓட்டத்துக்கு ஸ்டீராய்டு எப்படி உதவும்? அது எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது?

ஓடும் அந்தப் பத்து விநாடியில் அது எதையும் செய்வதில்லை. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் செய்கிறது. கடும் பளுப்பயிற்சிக்குப் பின் சாதாரண உடல் இரண்டு மூன்று நாள் ஓய்வு கேட்கும் இடத்தில், ஸ்டீராய்டு ஏற்றிய உடல் மறுநாளே பயிற்சிக்குத் தயாராகிவிடும். ஓராண்டில் கூடுதலாகக் கிடைக்கும் பயிற்சி நாட்களை எண்ணிப் பாருங்கள். போட்டிக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்திவிட்டால் போட்டி நாளில் உடலில் மருந்து இராது, தசை இருக்கும். போட்டி நாளில் மட்டும் சோதித்த பழைய முறை ஏன் தோற்றது என்பதும், முன்னறிவிப்பின்றி வீட்டுக் கதவைத் தட்டும் முறை ஏன் வந்தது என்பதும் இதிலேயே விளங்கும்.

கண்டறியும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டெரோனும், அதை ஒத்த எபிடெஸ்டோஸ்டெரோனும் உடலில் பலருக்கு ஏறத்தாழச் சம அளவில் இருக்கும். முன்னது நான்கு மடங்கைத் தாண்டினால் ஐயம் எழும். இயற்கையாகவே அப்படி உள்ளவர்களும் இருப்பதால் அடுத்த கட்டமாகக் கார்பன் அணுக்களின் எடையைப் பார்க்கிறார்கள். ஆலையில் செய்யும் டெஸ்டோஸ்டெரோன் சோயா போன்ற தாவரப் பொருளிலிருந்து வருவதால், மனித உடலில் ஊறுவதைவிட அதில் கனமான கார்பன் சற்றுக் குறைவாக இருக்கும். 2014 முதல் ஒவ்வொரு வீரருக்கும் இந்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் குறித்து வைக்கும் பதிவேடும் உண்டு. அதில் ஒருவர் தம் பழைய அளவுகளோடுதான் ஒப்பிடப்படுகிறார்.

தேடத் தெரியாத பொருளை எந்தக் கருவியும் காட்டாது என்பதற்கு 2003ஆம் ஆண்டு நிகழ்ச்சியைச் சொல்லலாம். கலிஃபோர்னியாவின் பால்கோ நிறுவனம் வழியாகச் சோதனையில் தெரியாத டி.எச்.ஜி. என்னும் ஸ்டீராய்டு ஓட்டக்காரர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. டிரெவர் கிரஹாம் என்ற பயிற்சியாளர், தம் பெயரைச் சொல்லாமல், மிச்சம் ஒட்டியிருந்த ஒரு சிரிஞ்சை அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமைக்கு அனுப்பினார். டான் கேட்லின் என்ற விஞ்ஞானி அதைப் பகுத்துச் சோதனை முறையை உருவாக்கிய பிறகே பிரிட்டன் ஓட்டக்காரர் டுவைன் சேம்பர்ஸ் அகப்பட்டார். அமெரிக்க ஓட்டக்காரி மரியன் ஜோன்ஸ் 2007இல் உண்மையை ஒப்புக்கொண்டு சிட்னி ஒலிம்பிக்கில் வென்ற ஐந்து பதக்கங்களையும் திருப்பிக் கொடுத்தார். இன்னொரு அமெரிக்கர் டிம் மாண்ட்கோமெரியின் 9.78 உலக சாதனை, அவருடைய மாதிரி எதுவும் சோதனையில் சிக்காமலே, பிற ஆதாரங்களைக் கொண்டு அழிக்கப்பட்டது. சிரிஞ்சை அனுப்பிய அந்தப் பயிற்சியாளர் யோக்கியர் என்று எண்ணிவிட வேண்டாம். விசாரணையாளர்களிடம் பொய் சொன்னதற்காகப் பின்னாளில் அவரே குற்றவாளி எனத் தீர்ப்பானார்.

பாளையங்கோட்டை, ஒரு தாய்: என் மகளுக்குப் பதினேழு வயது, 200 மீட்டர் ஓடுகிறாள். சோதனைக்கு அழைத்தால் என்ன செய்வார்கள்? கூச்சமாக இருக்கிறது ஐயா.

கூச்சம் இயல்புதான் அம்மா. பெண்ணுக்குப் பெண் அதிகாரிதான் வருவார். வயது குறைந்தவர் என்பதால் நீங்களோ பயிற்சியாளரோ உடன் போகலாம். குறைந்தது 90 மில்லி சிறுநீரை அதிகாரியின் பார்வையில் தர வேண்டும். அதை ஏ, பி என்னும் இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் உங்கள் மகளே ஊற்றி மூடுவாள். ஆய்வகத்துக்கு எண் மட்டும் போகும், பெயர் போகாது. கடந்த ஏழு நாட்களில் சாப்பிட்ட மருந்துகளைப் படிவத்தில் எழுதச் சொல்வார்கள். தலைவலி மாத்திரையைக்கூட விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பதற்றத்தில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கக் கூடாது, மாதிரி நீர்த்துப்போனால் இன்னொன்று கேட்பார்கள். நான் துணை நின்ற ஒரு பையன் நான்கு பாட்டில் தண்ணீர் குடித்தும் இரண்டரை மணி நேரம் வராமல் உட்கார்ந்திருந்தான். வந்தபோது நீர்த்துப்போயிருந்ததால் மறுபடியும் காத்திருந்தான். ஊருக்குப் போகும் ரயிலை இருவரும் விட்டோம்.

சங்கரன்கோவில், போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்: ஜிம்மில் ஒருவர் ஓட்டத்துக்கு முன் போட ஒரு ஊசி தருகிறார். மூச்சே வாங்காது என்கிறார்.

போடாதீர்கள். நீங்கள் எழுதியுள்ள விவரத்தைப் பார்த்தால் அது மெஃபென்டெர்மின். அறுவைச் சிகிச்சையில் முதுகுத் தண்டில் மயக்க ஊசி போட்ட நோயாளிக்கு இரத்த அழுத்தம் சரிந்தால், அதை ஏற்றுவதற்காக மருத்துவர் கண்காணிப்பில் போடும் மருந்து அது. சரியாத அழுத்தத்தை அது எங்கே கொண்டு போகும் என்பதை நீங்களே யோசியுங்கள். பழகிவிட்டால் விடுவதும் கடினம். மனநிலை பிறழ்ந்தவர்களும் உண்டு. தேர்வு நாளில் சோதனை இருக்குமா இராதா என்ற கணக்கே இங்கு வேண்டாம்.

ஆலங்குளம், தடகள வீரர்: இருமல் மருந்து, சித்த மருந்து, லேகியம் இவற்றிலும் சிக்கல் உண்டா?

உண்டு, நம் பக்கத்துப் பிள்ளைகள் தெரியாமல் மாட்டிக்கொள்ளக்கூடிய இடமே இதுதான். நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் இருமல் மருந்துகள் பலவற்றில் டெர்பியூட்டலின் சேர்ந்திருக்கும். உரிய முன் அனுமதி இல்லாவிட்டால் அது எல்லா நாளும் தடை செய்யப்பட்டது. சுத்தி செய்த எட்டிக்கொட்டை சேரும் சித்த, ஆயுர்வேத மருந்துகள் இருக்கின்றன. அதிலுள்ள ஸ்டிரிக்னின், போட்டி நாளில் தடைப் பட்டியலில் உள்ள பொருள். வைத்தியத்தின் தரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, என் முழங்கால் வலிக்கு நானே சித்த வைத்தியரிடம்தான் போகிறேன். ‘உடம்பு தேற’ என்று விலாசமில்லாத டப்பாவில் விற்கும் பொடிகளைத் தொடவே வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த பொடியும் அப்படித்தான் விற்கும்.

உடலில் இருந்தால் பொறுப்பு உடலுக்கு உரியவருடையது என்பதே விதி. 2010 ஆசியப் போட்டியில் 4x400 மீட்டர் தொடரோட்டத்தில் தங்கம் வென்ற நம் பெண்களில் சிலர் மறு ஆண்டு சோதனையில் சிக்கியபோது, பயிற்சியாளர் தந்த ஜின்செங்கில் கலந்திருந்தது என்று சொன்னார்கள். பயிற்சியாளர் நீக்கப்பட்டார், ஆயினும் அவர்களுக்கு இரண்டு ஆண்டு தடை நின்றது. கொடுத்தவனைவிடக் குடித்தவளை எளிதாகப் பிடிக்கும் இந்த விதியில் எனக்கு மனக்குறை உண்டு, ஆனால் அதைத் தளர்த்தினால் எல்லாரும் லேகியத்தின்மேல் பழி போடுவார்கள்.

நாங்குநேரி, ஆசிரியை: இந்தியாவில் நிலைமை அவ்வளவு மோசமா?

மோசம்தான். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஐயாயிரத்துக்கு மேல் மாதிரிகளைச் சோதித்த நாடுகளில், தடைப் பொருள் தென்பட்ட விகிதம் இந்தியாவில்தான் மிக அதிகம்: 3.8 சதவீதம். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும், ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் ஓடினார். அங்கேயே ஒரு பெண் எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, அதிகாரி பின்னால் ஓடினார். சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் ஒரு சான்றிதழுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை, அந்த வேலைக்கு ஒரு குடும்பம் என்று கணக்கிருக்கும் நாட்டில் பிள்ளைகள் ஓடியது பயத்தினால் மட்டும் இருக்காது.

திசையன்விளை, வாசகர்: சோதனையாளர் வந்தபோது வீட்டில் இல்லை என்பதற்காகத் தடை விதிப்பது அநியாயமில்லையா?

ஒரு முறை தவறியதற்குத் தடை இல்லை. பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால்தான். முன்னணி வீரர்கள் நாள்தோறும் ஒரு மணி நேரம் இருக்கும் இடத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அதில் தவறிய அமெரிக்க ஓட்டக்காரர் கிறிஸ்டியன் கோல்மன், எந்த மருந்தும் உடலில் காணப்படாமலே டோக்கியோ ஒலிம்பிக்கை இழந்தார்.

களக்காடு, ஒரு தந்தை: என் மகன் 100 மீட்டரில் ஒரே ஆண்டில் 11.4இலிருந்து 10.9க்கு வந்துவிட்டான். மைதானத்தில் ‘ஊசி’ என்று பேசுகிறார்கள். மனம் வெந்துபோகிறது அண்ணாச்சி.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்குப் பதினாறு முடிந்து பதினேழு நடக்கிறது என்றும், ஆறு அங்குலம் வளர்ந்திருக்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் அரை விநாடி குறைவது ஐயத்துக்குரிய செய்தியே இல்லை. இருபத்தாறு வயதில் குறைந்திருந்தால் நானும் புருவத்தை உயர்த்தியிருப்பேன்.

இன்னொன்றையும் பாருங்கள். 11.4 மின்னணுக் கடிகாரத்தில் எடுத்த நேரம் என்கிறீர்கள், 10.9 உள்ளூர் மைதானத்தில் விசில் ஒலிக்கு ஸ்டாப்வாட்ச் அழுத்தி எடுத்தது. கையால் அழுத்தி எடுத்த நேரத்தோடு 0.24 விநாடி கூட்டித்தான் மின்னணு நேரத்தோடு ஒப்பிட வேண்டும் என்பது தடகளத்தில் வழக்கம். ஆகவே உங்கள் மகன் ஓடியது ஏறத்தாழ 11.14. அவன் குறைத்தது அரை விநாடியன்று, கால் விநாடி. துப்பாக்கிக்குப் பதில் விசில் ஊதினார்கள் என்றால் அந்தக் கால் விநாடியிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஊசி என்று பேசியவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அடுத்து மின்னணுக் கடிகாரம் உள்ள போட்டியில் அவன் ஓடி 11.1 வந்தால், நேரம் கூடிவிட்டதே என்று அவனைத் திட்டிவிடாதீர்கள்.